பிடிஎஃப், வேர்டு கோப்புகளின் தம்ப்நெயில் தெரியவில்லையா? படிப்படியாகச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

ஃபோல்டருக்குள் முந்நூறு பிடிஎஃப் இருக்கிறது, எல்லாவற்றின் பெயரும் ஸ்கேன் 001, ஸ்கேன் 002 என்றே போகிறது. நேற்றுவரை ஒவ்வொன்றின் முதல் பக்கமும் தம்ப்நெயில் எனும் குட்டிப் படமாகத் தெரிந்ததால் கண்ணை ஓட்டியதுமே வேண்டியதை எடுத்துவிடலாம். இன்று திறந்தால் எல்லாமே ஒரே மாதிரி ஐகானாக நிற்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனக்கு இது நடந்தபோது ஒரு மாலை முழுக்கப் போனது. கிடைத்த யோசனைகளை எல்லாம் முயன்றேன், தம்ப்நெயில் கேஷை, அதாவது கணினி முன்பே தயாரித்துச் சேமித்து வைத்த படங்களை, மூன்று முறை அழித்தேன், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால் முந்தைய வாரம் நிறுவிய ஒரு புதிய பிடிஎஃப் மென்பொருள்தான் காரணம். கேஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதிலிருந்து நான் விடாமல் பின்பற்றும் முறை ஒன்றுதான்: எந்தக் கோப்புக்குப் படம் வருகிறது, எதற்கு வரவில்லை என்று முதலில் பார்ப்பது, அதற்கப்புறம்தான் கை வைப்பது.

அந்தக் குட்டிப் படம் எங்கிருந்து வருகிறது

ஃபோல்டரைத் திறந்து கோப்புகளைக் காட்டும் ஃபைல் மேனேஜர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாமாகப் பிடிஎஃப் படிக்கத் தெரியாது, வேர்டு கோப்பையும் படிக்கத் தெரியாது. ஃபோல்டரைத் திறந்ததும் அவை முதலில் கேஷில் தேடும், அதாவது முன்பே தயாரித்து வைத்த படம் இருக்கிறதா என்று. இல்லையென்றால் இந்த வகைக் கோப்பைப் படமாக்கித் தர ஏதாவது உதவி நிரல் கணினியில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கும். அந்த நிரல் இரண்டில் ஒன்றைச் செய்யும்: கோப்பைத் திறந்து முதல் பக்கத்தை வரைந்து தரும், அல்லது கோப்பைச் சேமித்தபோதே உள்ளே வைக்கப்பட்ட ஒரு படத்தை உருவித் தரும். பிடிஎஃப் முதல் ரகம். விண்டோஸில் வேர்டு, எக்செல் கோப்புகள் இரண்டாம் ரகம். எதுவுமே கிடைக்காவிட்டால் பொதுவான ஐகானைக் காட்டிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால்தான் காரணம் தெரியாமல் தவிக்கிறோம்.

எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை

டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதில் ஒரு போட்டோ, ஒரு பிடிஎஃப், இரண்டு மூன்று வேர்டு கோப்புகள் என்று நகலெடுத்துப் போடுங்கள். நகல் என்பது முக்கியம். இடம் மாறிய நகலுக்குக் கேஷில் பழைய படம் இருக்காது, கணினி புதிதாகத் தயாரித்தே ஆக வேண்டும், அதனால் உண்மை நிலை தெரிந்துவிடும்.

போட்டோவுக்குக்கூடப் படம் வரவில்லையென்றால், எங்கோ ஒரு செட்டிங் மொத்தமாக அணைந்திருக்கிறது. போட்டோவுக்கு வருகிறது, பிடிஎஃப் அத்தனைக்கும் வரவில்லை என்றால் உதவி நிரல் இல்லை. சில வேர்டு கோப்புகளுக்கு வந்து சிலவற்றுக்கு வராவிட்டால் பிரச்சினை அந்தக் கோப்புகளுக்குள்ளேதான். இந்தச் சோதனை ஃபோல்டரில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்து, உங்கள் பழைய ஃபோல்டரில் மட்டும் தெரியாவிட்டால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்: நெட்வொர்க் டிரைவா, கிளவுடா, அல்லது அந்த ஃபோல்டரின் பார்வை மட்டும் மாறியிருக்கிறதா.

இன்னொன்றும் உண்டு, பலரைக் குழப்புவது இதுதான். பழைய பிடிஎஃப்களுக்குப் படம் தெரிகிறது, புதிதாக வந்தவற்றுக்கு மட்டும் தெரியவில்லை. பார்த்தால் புதிய கோப்புகளில் ஏதோ கோளாறு போலத் தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. உதவி நிரல் போய்விட்டது, பழையவை கேஷில் மிச்சமிருக்கும் படங்கள், அவ்வளவுதான். இந்த நிலையில் கேஷை அழித்தால் இருந்த படங்களும் போய்விடும், கையில் இருந்த ஒரே தடயமும் போய்விடும். கேஷை அழிப்பதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

விண்டோஸ்: பார்வையும் இரண்டு சுவிட்சுகளும்

விண்டோஸின் ஃபைல் மேனேஜரான எக்ஸ்ப்ளோரரில் லிஸ்ட், டீடெய்ல்ஸ், ஸ்மால் ஐகான்ஸ் ஆகிய பார்வைகளில் தம்ப்நெயில் வராது. மீடியம் ஐகான்ஸிலிருந்து மேலே போக வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு எண் 2-ஐத் தட்டினால் லார்ஜ் ஐகான்ஸுக்குப் போய்விடும். ஒவ்வொரு ஃபோல்டரும் தன் பார்வையைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், ஒன்றில் தெரிந்து அடுத்ததில் தெரியாமல் போவதற்கு இதுவே பாதி நேரம் காரணம்.

அடுத்தது ஃபோல்டர் ஆப்ஷன்ஸ். விண்டோஸ் 11-இல் எக்ஸ்ப்ளோரரின் மேல்பட்டையில் மூன்று புள்ளியைத் தொட்டு ஆப்ஷன்ஸ் போங்கள், அதில் வியூ என்ற தாவல். பட்டியலின் மேல்பக்கத்திலேயே 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு அப்ளை கொடுங்கள்.

நான் டிக் போடவே இல்லையே, எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸில் 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது அழகுக்கான எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கும்போது தம்ப்நெயிலையும் சேர்த்து அணைத்துவிடும். ஸ்டார்ட் மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் என்று தேடி, விண்டோஸின் தோற்றத்தையும் வேகத்தையும் மாற்றும் பக்கத்துக்குப் போய், 'ஷோ தம்ப்நெயில்ஸ் இன்ஸ்டெட் ஆஃப் ஐகான்ஸ்' என்பதை மட்டும் டிக் செய்தால் போதும். மற்ற அலங்காரங்கள் அணைந்தே இருக்கட்டும். இந்த இரண்டு சுவிட்சும் உள்ளுக்குள் ஒரே அமைப்பைத்தான் மாற்றுகின்றன, ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் மாறும்.

பிடிஎஃப் மட்டும் வரவில்லை என்றால்

விண்டோஸ் பிடிஎஃபைத் திறக்க எட்ஜ் பிரவுசரைக் கூடவே தருகிறது, ஆனால் எட்ஜ் தம்ப்நெயில் தயாரித்துத் தராது. பிடிஎஃபுக்கு எட்ஜ் டீஃபால்ட்டாக இருக்கிற புதிய கணினியில் பிடிஎஃப் எல்லாம் எட்ஜ் ஐகானோடு நிற்பது அதனால்தான். இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை, வேலை செய்ய ஆள் இல்லை.

அக்ரோபேட் ரீடர் வைத்திருந்தால் அதிலேயே வசதி இருக்கிறது. ப்ரிஃபரன்ஸஸ் போய், ஜெனரல் பகுதியில் 'எனேபிள் பிடிஎஃப் தம்ப்நெயில் ப்ரிவ்யூஸ் இன் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற வரியை டிக் செய்து ஓகே கொடுங்கள். ரீடர் தன்னைச் சிறிது நேரம் அமைத்துக்கொள்ளும், முடியும்வரை காத்திருங்கள். ஏற்கெனவே டிக் இருந்தும் வரவில்லையென்றால் எடுத்துவிட்டு ஓகே, மறுபடி டிக் செய்து ஓகே. அப்படிச் செய்யும்போது அது தன்னைத் திரும்பப் பதிவு செய்துகொள்ளும்.

அவ்வளவு பெரிய மென்பொருள் வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பு நல்ல தேர்வு, நான் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆட்-ஆன்ஸ் என்ற பகுதி இருக்கும். அங்கே ப்ரிவ்யூ பேனுக்கான, அதாவது வலது பக்கத்தில் பெரிதாகத் தெரியும் முன்னோட்டத்துக்கான சுவிட்சுகள் தனி, தம்ப்நெயிலுக்கானவை தனி. இரண்டாவதில் பிடிஎஃபை ஆன் செய்ய வேண்டும். பலர் முதலாவதை ஆன் செய்துவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். ஆன் செய்தபின் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

டீஃபால்ட் ஆப் மாறுவதும் இங்கே பெரிய விஷயம். எனக்கு நடந்தது இதுதான். விண்டோஸில் ஒரு கோப்பு வகைக்கான தம்ப்நெயில் நிரல், பல நேரங்களில் அந்த வகையைத் திறக்கும் மென்பொருளின் பதிவோடு சேர்ந்தே இருக்கும். புதிதாக வந்த ஒன்று 'இனி பிடிஎஃபை நான்தான் திறப்பேன்' என்று எடுத்துக்கொண்டால், அது தம்ப்நெயில் தராத மென்பொருளாக இருந்தால், படங்கள் காணாமல் போகும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ் போய், பிடிஎஃபுக்கு முன்பிருந்த மென்பொருளைத் திரும்ப வைத்துப் பாருங்கள். ரொம்பப் பழைய மென்பொருள்களில் இன்னொரு தடங்கலும் உண்டு: 64 பிட் விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் 64 பிட் உதவி நிரலைத்தான் எதிர்பார்க்கும். 32 பிட் காலத்து மென்பொருளின் தம்ப்நெயில் வசதி அங்கே எடுபடாமல் போகலாம். புதிய பதிப்புக்கு மாறுவதே தீர்வு.

வேர்டு, எக்செல்: படம் கோப்புக்குள் இருக்கிறதா?

இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. வேர்டு வழக்கமாகச் சேமிக்கும் டாக்ஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. ஒரு நகல் எடுத்து, பெயரின் முடிவில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் ஜிப் என்று எழுதித் திறந்து பாருங்கள். உள்ளே டாக்ப்ராப்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் தம்ப்நெயில் என்ற பெயரில் ஒரு படக்கோப்பு இருந்தால் எக்ஸ்ப்ளோரர் அதைத்தான் எடுத்துக் காட்டும். இல்லையென்றால் விண்டோஸை என்ன செய்தாலும் அந்தக் கோப்புக்குப் படம் வராது.

வேர்டு வழக்கமாக இந்தப் படத்தை வைப்பதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். கோப்பைத் திறந்து ஃபைல் மெனுவில் இன்ஃபோ, வலது பக்கம் ப்ராப்பர்ட்டீஸ் என்ற சொல்லைத் தொட்டால் அட்வான்ஸ்டு ப்ராப்பர்ட்டீஸ் வரும், அதில் சம்மரி தாவலின் அடியில் 'சேவ் தம்ப்நெயில்ஸ் ஃபார் ஆல் வேர்டு டாக்குமென்ட்ஸ்' என்று இருக்கும். டிக் செய்து, ஓகே கொடுத்து, கோப்பைச் சேமியுங்கள். எக்செலிலும் இதே இடம்தான். பவர்பாயின்டில் 'சேவ் ப்ரிவ்யூ பிக்சர்' என்றிருக்கும். ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் போதும் என்றால் எஃப்12 அழுத்தி வரும் சேவ் ஆஸ் பெட்டியிலேயே சேவ் தம்ப்நெயில் என்ற சிறு கட்டம் இருக்கும்.

பழைய கோப்புகளுக்கு இது தானாகப் போய்ச் சேராது. ஒவ்வொன்றையும் திறந்து மறுபடி சேமித்தால்தான் படம் உள்ளே போகும். நூற்றுக்கணக்கில் இருந்தால் முக்கியமானவற்றுக்கு மட்டும் செய்யுங்கள், மீதிக்குக் கோப்பின் பெயரை ஒழுங்காக வைப்பதே மேல். இணையத்தில் எழுதி டவுன்லோட் செய்த டாக்ஸ்எக்ஸ் கோப்புகளிலும் பல நேரம் இந்தப் படம் இருக்காது, அவற்றையும் வேர்டில் ஒருமுறை சேமிக்க வேண்டும்.

இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸ் இதில் நல்லபடியாக நடந்துகொள்கிறது. ஓடிடி போன்ற தன் சொந்த வடிவங்களில் சேமிக்கும்போது தம்ப்நெயில்ஸ் என்ற ஃபோல்டரில் ஒரு பிஎன்ஜி படத்தைத் தானே வைத்துவிடும். அதையும் ஜிப்பாகத் திறந்து பார்க்கலாம்.

கேஷை அழிக்க வேண்டிய நேரம்

படம் கறுப்பாக வருகிறது, வேறொரு கோப்பின் முகம் தெரிகிறது, கோப்பை மாற்றிய பிறகும் பழைய பக்கமே நிற்கிறது என்றால் அப்போது கேஷ்தான் கெட்டிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் தம்ப்ஸ் என்று ஒரு மறைகோப்பு இருக்கும். விஸ்டாவிலிருந்து எல்லாப் படங்களையும் பயனர் கணக்கின் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறார்கள், அதனால் அது கெட்டால் எல்லா ஃபோல்டரிலும் தெரியும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், தம்ப்நெயில்ஸை மட்டும் டிக் செய்து நீக்குங்கள். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும், அதில் டிக் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டே அழுத்துங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒவ்வொரு நாளும் படங்கள் புதிதாக மெதுவாக உருவாகிறது என்றால், கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஏதாவது தினமும் கேஷைத் துடைக்கிறதா என்று பாருங்கள். அதன் பட்டியலில் தம்ப்நெயிலை விட்டுவிடச் சொன்னால் சரியாகிவிடும்.

நெட்வொர்க் ஃபோல்டரில் மட்டும் வராவிட்டால், அலுவலகக் கணினிகளில் நிர்வாகி அதைக் கொள்கையாகவே அணைத்து வைத்திருக்க வாய்ப்பு உண்டு. நாம் மாற்ற முடியாது, கேட்க வேண்டும். கிளவுடில் மட்டும் இருக்கும் கோப்புகளுக்கு, அதாவது பக்கத்தில் மேகக் குறி உள்ளவற்றுக்கு, பல நேரங்களில் கணினியில் இறக்கிய பிறகுதான் படம் வரும்.

ப்ரிவ்யூ பேன் வேறு, தம்ப்நெயில் வேறு

வலது பக்கத்தில் பெரிதாகத் தெரியும் முன்னோட்டம்தான் ப்ரிவ்யூ பேன். அதன் கோளாறும் தனி. 2025 அக்டோபர் 14 முதல் வந்த பாதுகாப்பு அப்டேட்டுகளில், இணையத்திலிருந்து இறக்கியவை என்ற குறி உள்ள கோப்புகளுக்கு அந்த முன்னோட்டத்தை விண்டோஸ் தானே நிறுத்திவிட்டது, கோப்பைத் திறக்காமலேயே லாகின் விவரம் கசியும் வழியை அடைப்பதற்காக. அனுப்பியவரை நம்பினால் மட்டும் அந்தக் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்பதை டிக் செய்யுங்கள். உடனே மாறாவிட்டால் சைன் அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

லினக்ஸ்

லினக்ஸில் க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ என்று பல டெஸ்க்டாப்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஃபைல் மேனேஜர் வேறு. க்னோமின் ஃபைல்ஸ், அதாவது நாட்டிலஸில் ப்ரிஃபரன்ஸஸ் திறந்தால் தம்ப்நெயிலை எப்போது காட்டுவது என்ற தேர்வு இருக்கும். வழக்கமாக இந்தக் கணினியில் உள்ள கோப்புகளுக்கு மட்டும் என்று இருக்கும், நெட்வொர்க் கோப்புகளுக்கும் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் என்று மாற்ற வேண்டும். அளவுக்கும் வரம்பு உண்டு, பெரிய ஸ்கேன் கோப்புகள் மட்டும் படமில்லாமல் நின்றால் அதைப் பாருங்கள். கேடிஇ-யின் டால்ஃபினில் முதலில் எஃப்12 தட்டிப் பாருங்கள், முன்னோட்டத்தை மொத்தமாக ஆன், ஆஃப் செய்யும் விசை அது, கை தவறிப் படுவது சாதாரணம். பிறகு செட்டிங்ஸில் ப்ரிவ்யூஸ் பக்கத்தில் எந்தெந்த வகைக்குப் படம் என்ற பட்டியல் இருக்கும். பிடிஎஃப் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் கேடிஇ கிராஃபிக்ஸ் தம்ப்நெய்லர்ஸ் என்ற தொகுப்பை நிறுவுங்கள்.

க்னோமில் பிடிஎஃப் படத்தை வரைந்து தருவது எவின்ஸ் என்ற பிடிஎஃப் ரீடர், புதிய பதிப்புகளில் பேப்பர்ஸ். வேறு பிடிஎஃப் ரீடர் போட்டுவிட்டோம் என்று அதை நீக்கினால் படமும் போகும். ஃப்ளாட்பேக் என்ற பொதுவான நிறுவல் முறை வழியாக நிறுவினாலும் பொதுவாகப் படம் வராது, ஏனென்றால் அது தனி அறைக்குள் ஓடுகிறது, வெளியில் இருக்கும் ஃபைல் மேனேஜருக்கு அதன் தம்ப்நெயில் நிரல் தெரியாது. உங்கள் லினக்ஸ் வினியோகத்தின் (உபுண்டு, ஃபெடோரா போன்றவை) சொந்தத் தொகுப்பாக நிறுவுங்கள். எக்ஸ்எஃப்சிஇ-யின் துனாரில் இந்த வேலையை டம்ப்ளர் என்ற தனிச் சேவை பார்க்கிறது, அது இல்லாமல் எந்த வகைக்கும் படம் கிடையாது.

இனி முக்கியமான கட்டம். உதவி நிரலை நிறுவியாயிற்று, ஆனாலும் பழைய கோப்புகளுக்குப் படம் வரவில்லை. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல், எச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். புள்ளியில் தொடங்கும் கேஷ் என்ற ஃபோல்டருக்குள் தம்ப்நெயில்ஸ். அதற்குள் நார்மல், லார்ஜ் என்று 128, 256 பிக்சல் அளவுப் படங்களுக்கான இடங்கள் இருக்கும், கூடவே ஃபெயில் என்றும் ஒன்று. ஒரு முறை படம் தயாரிக்க முடியாமல் போன கோப்பை அங்கே குறித்து வைத்துக்கொள்வார்கள், கோப்பு மாறும்வரை திரும்ப முயலவே மாட்டார்கள். நீங்கள் நிரலை நிறுவியது அந்தக் குறிப்புக்குத் தெரியாது. ஃபெயில் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு ஃபைல் மேனேஜரை மூடித் திறங்கள், படங்கள் வரத் தொடங்கும். மற்ற படங்களை அழிக்கத் தேவையில்லை.

இதுவும் பலிக்காவிட்டால் அந்தத் தம்ப்நெயில்ஸ் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். எப்போதாவது ஃபைல் மேனேஜரை ரூட், அதாவது நிர்வாகிக் கணக்கின் அனுமதியோடு ஓட்டியிருந்தால் அது ரூட்டின் பெயருக்குப் போயிருக்கும், உங்கள் கணக்கால் அதில் எழுத முடியாது. உரிமையை உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள்.

மேக்

இங்கே வேலை குறைவு. மேக்கின் ஃபைல் மேனேஜரான ஃபைண்டரில் ஐகான் பார்வையில் நின்று கமாண்ட், ஜே அழுத்தி, 'ஷோ ஐகான் ப்ரிவ்யூ' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இல்லையென்றால் ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு டாக்கில் ஃபைண்டர் மேல் ரைட் கிளிக் செய்தால் ரீலாஞ்ச் வரும். பிடிஎஃபும் வேர்டும் சரியாக வந்து, ஏதோ ஒரு சிறப்பு வகைக் கோப்பு மட்டும் மேக்ஓஎஸ் 15 செக்கோயாவுக்கு மாறிய பிறகு காணாமல் போயிருந்தால், அது மேக்கின் முன்னோட்ட வசதியான க்விக் லுக்கின் பழைய முறைச் செருகுநிரலை நம்பியிருந்திருக்கும். அந்த முறைக்கான ஆதரவை அந்தப் பதிப்பில் நீக்கிவிட்டார்கள், மென்பொருளின் புதிய பதிப்பைத் தேட வேண்டியதுதான்.

எல்லாம் சரியாகி, ஒரே ஒரு கோப்பு மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறதா? திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். பூட்டிய கோப்பின் முதல் பக்கத்தை எந்த உதவி நிரலாலும் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. பாஸ்வேர்டும் இல்லை, திறக்கவும் மறுக்கிறது என்றால் அந்தக் கோப்பே பாதியில் டவுன்லோட் ஆகியிருக்கலாம், அளவைப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.